எடிஸ்டோ தீவு மக்கள் மன்னிக்க மறுத்தது ஏன்?

1865 ஜனவரி 12 அன்று இரவு, ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில், வடக்குப் படைத்தலைவர் வில்லியம் ஷெர்மன் தங்கியிருந்த மாளிகைக்கு 20 கறுப்பினப் போதகர்கள் அழைக்கப்பட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனே நேரில் வந்திருந்தார். அடிமைத்தளையிலிருந்து வெளிவரும் மக்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டறிவதுதான் அந்தச் சந்திப்பின் நோக்கம். போதகர்கள் தங்கள் சார்பில் பேச காரிசன் ஃபிரேசியரைத் தேர்ந்தெடுத்தார்கள். 67 வயதான அவர், எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பொன்னும் வெள்ளியுமாக ஆயிரம் டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மனைவியையும் மீட்டுக்கொண்டவர். அடிமைத்தனம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, ஒருவருடைய உழைப்பை அவர் சம்மதமின்றி, எதிர்க்க முடியாத வலிமையைக் கொண்டு பெற்றுக்கொள்வது என்று அவர் விடை சொன்னார். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று கேட்டபோது, எங்களுக்கு நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிட வேண்டும் என்றார்.

வெள்ளையரோடு கலந்து வாழ விரும்புகிறீர்களா, தனித்து வாழ விரும்புகிறீர்களா என்றும் அன்று கேட்கப்பட்டது. தெற்கில் எங்கள்மீது இருக்கும் காழ்ப்பு தீர ஆண்டுகள் பல ஆகும், அதனால் தனித்து வாழ்வதையே விரும்புகிறேன் என்று ஃபிரேசியர் சொல்ல, ஒரே ஒருவர் தவிர மற்ற எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். மாறுபட்ட அந்த ஒருவர் ஜேம்ஸ் லிஞ்ச் என்ற இளைஞர். சேர்ந்தே வாழ வேண்டும் என்ற அவர், சில ஆண்டுகளில் மிசிசிப்பி மாநிலத்தின் செயலராகவே பதவி வகித்தார். ஒரு பிளவுண்ட சமூகத்தை எப்படி மீண்டும் கட்டுவது என்பதைப் பற்றி நான் படித்த உரையாடல்களில் இவ்வளவு நேர்மையான இன்னொன்று எனக்கு நினைவில்லை. கேட்டவர்கள் உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினார்கள். சொன்னவர்கள் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள்.

நான்கே நாட்களில், ஜனவரி 16 அன்று, ஷெர்மன் தம்முடைய 15ஆம் எண் களஆணையை வெளியிட்டார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளும், கடலிலிருந்து 30 மைல் உள்வரை ஆற்றோரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த நெல்வயல்களும், ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றை ஒட்டிய நிலங்களும் விடுதலை பெற்றவர்களின் குடியேற்றத்துக்கு ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் பயிர்நிலம் என்பது கணக்கு. அந்த ஆண்டின் கோடைக்குள் ஏறத்தாழ 40,000 பேர் 4 லட்சம் ஏக்கர் நிலத்தில் குடியேறிப் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள்.

போர் முடிந்தபோது அந்த நாட்டில் இரண்டு பிளவுகள் இருந்தன. ஒன்று வடக்கிலிருந்த வெள்ளையருக்கும் தெற்கிலிருந்த வெள்ளையருக்கும் இடையிலானது. நான்கு ஆண்டுகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிளவு அது. மற்றொன்று, தெற்கிலேயே, ஆண்டைகளுக்கும் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகளுக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலைத்திருந்த பிளவு. முதல் பிளவை ஆற்றுவதற்காக இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதும், அதற்கான விலையை இரண்டாவது பிளவில் கீழே கிடந்தவர்களிடமிருந்தே வசூலித்தார்கள் என்பதும்தான் 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது. வெள்ளையரின் துயரம் பொய்யன்று. 1866இல் மிசிசிப்பி மாநிலம் தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைப் போர்வீரர்களுக்குச் செயற்கைக் கைகால்கள் வாங்கவே செலவிட்டது என்று படிக்கும்போது, அந்த ஊர்களின் நிலை கண்முன் வருகிறது. ஆனால் துயரப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் நின்று துயரப்படவில்லை.

லிங்கன் சுடப்பட்டு இறந்ததும் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன், 1865 மே 29 அன்று பொதுமன்னிப்பை அறிவித்தார். கிளர்ச்சியில் பங்கெடுத்த தெற்கத்தியர் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டால் போதும், அடிமைகள் நீங்கலாக மற்ற சொத்துகள் அனைத்தும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பிரிவினை அரசின் உயர் அதிகாரிகள் முதலான சில வகையினரும், 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்களும் அதிபரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்படி விண்ணப்பித்தவர்களுக்கும் ஆயிரக்கணக்கில் மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிப்போடு நிலமும் திரும்பிச் சென்றது. அந்த நிலத்தில் ஏற்கெனவே உழுது விதைத்துக் குடியிருந்தவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கு ஜான்சனிடம் இருந்த ஒரே விடை, அவர்கள் வெளியேற வேண்டும் என்பதுதான்.

அதைச் சொல்லும் பொறுப்பு ஆலிவர் ஓடிஸ் ஹோவர்டின் தலையில் விழுந்தது. விடுதலை பெற்றவர்களின் நலனுக்காக 1865 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்படுத்திய ஃபிரீட்மென்ஸ் பீரோவின் தலைவர் அவர். பக்தியுள்ள மனிதர், 1862இல் நடந்த ஒரு சண்டையில் வலக்கையை இழந்தவர். அக்டோபரில் அவர் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குச் சென்று, அங்கிருந்த தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம் நிலத்தை முன்னாள் உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். அன்று நடந்ததை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்தில் கூச்சல் எழுந்ததும், ஒரு பெண் துயரப் பாடல் ஒன்றைத் தொடங்க மற்றவர்கள் சேர்ந்து பாடியதும், மேல்மாடத்திலிருந்து ஒருவர், எப்போதும் அரசுக்கு உண்மையாக இருந்த எங்களிடமிருந்து எடுத்து, எப்போதும் உங்கள் பகைவர்களாக இருந்தவர்களுக்கு எங்கள் நிலத்தைக் கொடுக்கிறீர்களே, இது நியாயமா என்று கேட்டதும் அவர் எழுத்திலேயே இருக்கின்றன. பழைய எஜமானர்களை மன்னித்துவிட்டு அவர்களோடு கூலி ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று ஹோவர்ட் கேட்டுக்கொண்டார்.

அதற்குத் தீவு மக்கள், ஹென்றி பிராம், இஷ்மேல் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன் ஆகிய மூவரைக் கொண்ட குழுவின் வழியாக எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. நிறுத்தக்குறிகள் தாறுமாறாக விழுந்த, எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதம். நான் அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். எங்களுக்கு வீட்டுமனை தருவதாக அரசு வாக்களித்தது, இப்போது நாங்கள் சாலையில் இறங்கலாம், கடலில் இறங்கலாம், அல்லது முன்போலவே அவர்கள் சொற்படி இங்கேயே உழைத்துக் கிடக்கலாம், இந்த மூன்றில் ஒன்றைத் தவிர வேறு வழி இல்லை, இது உண்மையில் விடுதலை பெற்ற மனிதரின் நிலை அன்று என்பதைத் தாங்களே காண்பீர்கள் என்று அவர்கள் எழுதினார்கள். எங்கள் தந்தையரின் எலும்புகளைப் புதைக்கும் அளவுக்குக்கூட நிலம் கிடைக்கவிடாமல் செய்கிறவர்களின் தயவில் நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். பிறகு மன்னிப்பைப் பற்றிய அந்தப் பகுதி வருகிறது. எங்கள் தீவின் நிலவுடைமையாளர்களை மன்னிக்கச் சொல்கிறீர்கள். தாங்கள் போரில் வலக்கையை மட்டுமே இழந்தீர்கள், தாங்கள் அவர்களை மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் என் சகோதரியையும் ஆடை உரித்து அடித்தவனை, தான் சொல்லும் விலைக்குத் தன் நிலத்தில் பயிரிட்டுத் தந்தாலொழியத் தன் காலிக் குடிசையில்கூட என்னைத் தங்கவிடாதவனை, எனக்கென்று நிலம் இருந்தால் அவன் பக்கமே போகமாட்டேன் என்று நன்றாக அறிந்து அந்த நிலம் எனக்குக் கிடைக்காதபடி மற்றவர்களோடு கூட்டுச் சேர்பவனை, என்னால் மன்னிக்க இயலாது.

இந்தக் கடிதத்தை வெறும் ஆத்திரமாகப் படிப்பவர்கள் அதன் அறிவுக்கூர்மையைத் தவறவிடுகிறார்கள். அடித்த அடிகளோடு கடிதம் நிற்கவில்லை. பழைய கொடுமையை அது இன்றைய ஏற்பாட்டோடு சேர்த்தே பேசுகிறது. நேற்று அடித்தவன் இன்று நிலத்தை மறுத்து அதே உழைப்பை அதே இடத்தில் பெற முயல்கிறான். அநீதி தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும்போதே அதை முடிந்துபோன ஒன்றாகக் கருதி மன்னிக்கச் சொன்னால் எப்படி என்பதுதான் அவர்கள் கேள்வி. போருக்குப் பிந்தைய நாடுகளில் ஆணையங்களும் அறிக்கைகளும் நல்லிணக்கம் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த வரிகள் நினைவுக்கு வருகின்றன. மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை, மன்னிக்காவிட்டாலும் பிழைத்துக்கொள்ள முடிகிறவனுக்கு மட்டுமே உண்மையில் இருக்கிறது.

கடிதம் பயன் தரவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கடற்கரையின் குடியேறிகளில் பெரும்பாலோர் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள்.

நிலம் கொடுப்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பென்சில்வேனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1865 செப்டம்பரிலேயே ஒரு கணக்கை முன்வைத்தார். தெற்கின் பெரும் நிலக்கிழார்கள் ஏறத்தாழ 70,000 பேரிடம் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர் இருக்கிறது, அதிலிருந்து விடுதலை பெற்ற ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுத்தாலும் பெரும்பகுதி மிச்சமிருக்கும் என்றார் அவர். அவருடைய கட்சியினரே அதற்குத் துணியவில்லை. தனிச்சொத்தின் புனிதம் கெட்டுவிடும் என்று தயங்கினார்கள். அதே காங்கிரஸ்தான் 1862 முதல் மேற்கில் குடியேறுவோருக்குத் தலைக்கு 160 ஏக்கர் கொடுத்துக்கொண்டிருந்தது. ரயில் நிறுவனங்களுக்கு 10 கோடி ஏக்கருக்கு மேல் வாரி வழங்கியது. அந்த மேற்கு நிலமும் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலத்துக்கு அங்கே பஞ்சமில்லை.

இழப்பீடு என்ற எண்ணமும் புதியதன்று. அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் செய்தி. 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, விடுவிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 300 டாலர் வரை எஜமானர்களுக்குத் தரப்பட்டது. அதற்கு முன் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்தது. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015இல்தான் அடைக்கப்பட்டது. அந்தக் கரும்புத் தோட்டங்களில் விடுதலை பெற்றவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டதும், 1834 முதல் மொரீஷியஸுக்குப் போனவர்களில் சென்னை மாகாணத்துத் தமிழர்களும் இருந்ததும் நம் வரலாற்றின் பகுதி. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு உழைப்பை எப்படிப் பெறுவது என்ற முதலாளிகளின் கேள்விக்கு நம் முன்னோர்களின் உடல்களும் ஒரு விடையாக இருந்தன.

அமெரிக்கத் தெற்கில் அந்தக் கேள்விக்கான விடை சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது. 1865இன் இறுதியில் மிசிசிப்பியும் தென் கரோலினாவும் தொடங்கி வைத்த 'கறுப்புச் சட்டங்கள்' அவை. மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்துமூலச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து அபராதம் விதிப்பார்கள். கட்ட முடியாதவரை, கட்டுகிறவரிடம் வேலைக்கு அனுப்புவார்கள். நகர எல்லைக்கு வெளியே கறுப்பினத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதற்கே அந்த மாநிலம் தடை விதித்தது. எடிஸ்டோ மக்கள் அஞ்சியது அப்படியே சட்டமாக வந்தது.

இந்தச் சட்டங்களும், 1866இல் மெம்பிஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் நடந்த படுகொலைகளும், தென்னவர் பிரிவினை அரசின் துணை அதிபராக இருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸையே ஜார்ஜியா மாநிலம் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய துணிச்சலும் சேர்ந்துதான் வடக்கின் மனத்தை மாற்றின. காங்கிரஸ், அதிபரின் மறுப்பை மீறிக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1867இல் டென்னசி நீங்கலாகத் தெற்கின் பத்து மாநிலங்கள் ஐந்து இராணுவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கறுப்பின ஆண்களும் வாக்களிக்கும் புதிய அரசியல் சட்டங்களை எழுதுமாறு கட்டளையிடப்பட்டன. பிறப்பால் குடியுரிமையும் சட்டத்தின் சமப் பாதுகாப்பும் தந்த, நாட்டின் அரசியல் சட்டத்துக்கான 14ஆம் திருத்தம் 1868இலும், இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆம் திருத்தம் 1870இலும் நடைமுறைக்கு வந்தன. நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு வாக்கு கிடைத்தது.

அந்த வாக்கைக் கொண்டு அவர்கள் செய்ததைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. தென் கரோலினாவில் 1868இல் புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடிய 124 பிரதிநிதிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்புவரை விற்கவும் வாங்கவும் கூடிய உடைமைகளாக இருந்தவர்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளி, கடனுக்காகச் சிறைத்தண்டனை ஒழிப்பு, மணமான பெண்ணுக்குத் தன் சொத்தில் உரிமை ஆகியவை அவர்கள் எழுதிய சட்டத்தில் இருந்தன. ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அந்தப் பொதுப்பள்ளிகளின் வழியாகவே முதல்முறை படிப்புக்குள் வந்தார்கள். 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்கும், தென் கரோலினாவிலிருந்து ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபைக்கும் சென்று, அந்தந்த அவையின் முதல் கறுப்பின உறுப்பினர்களானார்கள்.

படிப்பின்மீது அந்த மக்களுக்கு இருந்த வேட்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். போருக்கு முன் தெற்கின் பல மாநிலங்களில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றம். விடுதலை வந்ததும் பேரனும் பாட்டியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். 1870க்குள் ஃபிரீட்மென்ஸ் பீரோவின் மேற்பார்வையில் ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் இரண்டரை லட்சம் மாணவர்கள் படித்தார்கள். தெற்கு முழுவதற்கும் ஒரே நேரத்தில் 900 அலுவலர்களுக்கு மேல் எப்போதும் இல்லாத ஒரு துறைக்கு இது பெரிய காரியம். கட்டடத்துக்கு மரம் சுமந்தும் ஆசிரியருக்குச் சோறு போட்டும் உதவிய பெற்றோர் இல்லாமல் இது நடந்திருக்காது.

இன்னொரு பக்கம், அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்த வணிகனிடம் தாய் விற்கப்பட்டாள், அப்போது தம்பிக்கு எத்தனை வயது, பழைய எஜமானின் பெயர் என்ன என்ற விவரங்களோடு கறுப்பினப் பத்திரிகைகளில் காணவில்லை அறிவிப்புகள் வந்தன. போதகர்கள் அவற்றை வழிபாட்டின்போது வாசித்தார்கள். போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்தும், பிள்ளைகளுக்கு நரை விழுந்த பிறகும், அந்த அறிவிப்புகள் நிற்கவில்லை. அடிமை முறையில் மணத்துக்குச் சட்டத் தகுதி கிடையாது என்பதால், பேரன் பேத்தி எடுத்த தம்பதியரும் பதிவு அலுவலகங்களின் முன் வரிசையில் நின்று தங்கள் மணத்தைப் பதிவு செய்தார்கள். சமூகத்தை மீண்டும் கட்டுவது என்பதன் பெரும்பகுதியை அரசுக்கு முன்பே இந்த மக்கள் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

இவையெல்லாம் தாமாகச் சரிந்ததாக எண்ணக் கூடாது. இவை அடித்து வீழ்த்தப்பட்டன. டென்னசியின் புலாஸ்கி ஊரில் போர் முடிந்த சில மாதங்களில் தோன்றிய கு கிளக்ஸ் கிளான், வாக்களிக்கச் சென்றவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் சொந்தமாகப் பயிர் செய்து தலைநிமிர்ந்தவர்களையும் இரவில் வீடு புகுந்து தாக்கியது. அரசு நினைத்தால் அதை அடக்க முடியும் என்பதும் நிரூபணமானது. 1871இல் அதிபர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது கவுன்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்துப் படையை அனுப்பி நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்ததும், கிளான் அங்கே சிதறியது. இந்த ஒரு நிகழ்வை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மக்கள் மனம் மாறும்வரை சட்டத்தால் ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்பவர்களுக்கு, அந்த ஆண்டில் நடந்ததே பதில். மனம் மாறவில்லை, ஆனால் கை கட்டப்பட்டது, கறுப்பினத்தவர் மீண்டும் வாக்களித்தார்கள்.

பிறகு வடக்கு சலித்துப்போயிற்று. 1873இல் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறன்று, லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் கொன்று குவித்தது. 60 பேர் முதல் 150 பேர் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன, அவர்களில் பலர் சரணடைந்த பின் சுடப்பட்டவர்கள். தண்டிக்கப்பட்ட மூவரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 14ஆம் திருத்தம் மாநில அரசுகளையே கட்டுப்படுத்தும், தனிமனிதர்களின் செயல்களை அன்று என்பது தீர்ப்பு. விடுதலை பெற்றவர்கள் சிறுகச் சிறுகச் சேமித்த ஃபிரீட்மென்ஸ் சேமிப்பு வங்கியும் 1874இல் மூடப்பட்டது. காங்கிரஸின் ஒப்புதலோடு தொடங்கப்பட்டதால் அரசே பொறுப்பு என்று நம்பிப் பணம் போட்ட 61,000 பேரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் சிக்கியது. நிலமும் கைக்கு வரவில்லை, நிலம் வாங்கச் சேர்த்த காசும் போயிற்று.

1875இல் மிசிசிப்பியில் தேர்தலுக்கு முன் வன்முறை வெடித்தபோது, ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ் படை கேட்டார். தெற்கில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எழும் இந்தக் கலகங்களால் நாட்டு மக்கள் அனைவரும் களைத்துவிட்டார்கள் என்று கிராண்ட் எழுதினார். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த யாசூ கவுன்டியில் அவர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தவை 7 வாக்குகள். 1876இன் அதிபர் தேர்தல் இழுபறியில் முடிந்து, குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் தேர்வாளர் வாக்குகளில் 185க்கு 184 என்ற கணக்கில் அதிபரானபோது, தென் கரோலினா, லூசியானா மாநில அவைகளைக் காத்து நின்ற படையினர் 1877 ஏப்ரலில் விலக்கிக்கொள்ளப்பட்டார்கள். அதன் பின் வந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம்: விளையப்போகும் பருத்தியின்மேல் விதைக்கும் உணவுக்கும் கடன் வாங்கி, அறுவடையில் கணக்குத் தீராமல் ஆண்டுதோறும் அதே பண்ணையில் கட்டுண்டு கிடந்த வாரச் சாகுபடி; தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்புக்கு, அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம் தந்த விலக்கைப் பயன்படுத்திக் கைதிகளைச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விட்டது; வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கம். லூசியானாவில் 1896இல் 1,30,334ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904இல் 1,342ஆக இருந்தது.

வெள்ளையருக்கிடையிலான முதல் பிளவு மட்டும் நன்றாகவே ஆறியது. 1913 ஜூலையில், கெட்டிஸ்பர்க் போரின் 50ஆம் ஆண்டு நிறைவில், இருதரப்பு முதிய வீரர்களும் 50,000 பேருக்கு மேல் அந்தப் போர்க்களத்தில் கூடி, ஒருவரையொருவர் கொன்ற கற்சுவரின் குறுக்கே கைகுலுக்கிக்கொண்டார்கள். பகை மறந்தது, நாம் சகோதரர்கள் என்று அதிபர் உட்ரோ வில்சன் உரையாற்றினார். போர் எதன்பொருட்டு நடந்ததோ அந்த அடிமை முறையைப் பற்றி அவ்வுரையில் ஒரு சொல்லும் இல்லை. வடக்குப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றியிருந்தார்கள். அதே ஆண்டில்தான் வில்சனின் அரசு கருவூலத்திலும் அஞ்சல் துறையிலும் கறுப்பின ஊழியரைத் தனியே பிரித்து உட்காரவைத்தது. அந்தக் கைகுலுக்கலின் புகைப்படங்களை அழகான நல்லிணக்கமாகக் காண என்னால் முடிவதில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்க முடியும் என்பதற்கு எடிஸ்டோவிலிருந்து வெகு தொலைவில் இல்லாத இன்னொரு தீவு சாட்சி. செயின்ட் ஹெலினா தீவும் அதையொட்டிய பியூஃபோர்ட் பகுதியும் 1861 நவம்பரிலேயே வடக்குப் படையிடம் வீழ்ந்தன, எஜமானர்கள் ஓடிவிட்டார்கள். அவர்கள் கட்டாத வரிக்காக அரசு அந்த நிலங்களை ஏலம் விட்டபோது, விடுதலை பெற்றவர்கள் தனியாகவும் கூட்டாகவும் பணம் போட்டு அவற்றில் ஒரு பகுதியை வாங்கினார்கள். இராணுவ ஆணையால் கிடைத்த நிலத்தை அதிபரின் ஒரு கையெழுத்து திருப்பி எடுத்துவிட்டது. வரி ஏலத்தில் பத்திரத்தோடு வாங்கிய நிலத்தை எடுக்க முடியவில்லை. சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தென்னவரின் இராணுவப் போக்குவரத்துக் கப்பலையே ஓட்டிக்கொண்டு வந்து குடும்பத்தோடு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸ், தாம் அடிமையாகப் பிறந்த மனையின் எஜமான் வீட்டை இப்படித்தான் வாங்கினார். அந்த வீட்டைத் திரும்பக் கேட்டுத் தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1878இல் ஸ்மால்ஸின் பக்கம் தீர்ந்தது.

நிலம் இருந்த இடத்தில் வாக்கும் நீடித்து நின்றது. 1895இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே தென் கரோலினாவில் புதிய அரசியல் சட்ட அவை கூடியபோது, அதிலிருந்த 160 பேரில் கறுப்பினத்தவர் ஆறே பேர்; அந்த ஆறில் ஐவர் பியூஃபோர்ட்டிலிருந்து வந்தவர்கள். யாருடைய பண்ணையிலும் கூலிக்கு நிற்காத வாக்காளர்களை 18 ஆண்டுகளாக மிரட்டியும் முழுவதும் பணியவைக்க முடியாததால் வந்தவர்கள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். என் இனத்துக்காகத் தனியாக வாதாட வேண்டியதில்லை, வாழ்க்கைப் போரில் சம வாய்ப்பு ஒன்றே போதும் என்று அந்த அவையில் ஸ்மால்ஸ் பேசினார். சட்டம் நிறைவேறியது, அவர் அதில் கையெழுத்திட மறுத்தார்.

பெயரளவில் மிஞ்சியிருந்த 14ஆம் திருத்தத்தை வைத்தே 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 15ஆம் திருத்தத்துக்கு உயிர் கொடுத்த வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. 1862இல் விடுதலை பெற்றவர்களுக்காகச் செயின்ட் ஹெலினாவில் தொடங்கப்பட்ட பென் பள்ளியின் வளாகத்தில்தான், இரு இனத்தவரும் ஒன்றாகத் தங்க வேறு இடம் அரிதாயிருந்த அந்த 1960களில், மார்ட்டின் லூதர் கிங்கும் அவருடைய தோழர்களும் கூடித் திட்டமிட்டார்கள். நிலத்தின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அந்தக் கடலோர நிலங்களில் தூரத்து வாரிசு ஒருவரின் பங்கை வாங்கிக்கொண்டு, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்து விடுதிகள் கட்டியவர்கள் பலர்.

2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனின் எமானுவேல் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் அந்தத் தேவாலயத்தின் போதகரும் மாநில செனட் உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னி. இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில் இறந்தவர்களின் உறவினர் சிலர் கொலைகாரனை மன்னிப்பதாகச் சொன்னதை உலகமே வியந்து எழுதியது. அடுத்த மாதம் மாநில அவை வளாகத்திலிருந்து தென்னவர் போர்க்கொடி இறக்கப்பட்டதும் பெரிய செய்தியாயிற்று. மறு ஆண்டு அந்த மாநிலம் இயற்றிய ஒரு சட்டம் அவ்வளவு கவனம் பெறவில்லை. உயிலின்றி வந்த கூட்டுச் சொத்தை விற்கக் கோரி ஒரு பங்காளி வழக்குத் தொடுத்தால், வெளியாருக்கு ஏலம் போவதற்கு முன், நியாயமான மதிப்பீட்டில் அந்தப் பங்கை வாங்கும் வாய்ப்பை மற்ற குடும்பத்தினருக்கு முதலில் தர வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டத்துக்குப் பிங்க்னியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.